லோத்தலா, தோலாவிராவா?

குஜராத்தில் சிந்துவெளி ஊர் ஒன்றைப் பார்க்க வேண்டும் என்றால் பெரும்பாலும் லோத்தலைத்தான் சொல்வார்கள். அகமதாபாத்திலிருந்து சுமார் 80 கி.மீ. காலையில் கிளம்பினால் மாலைக்குள் திரும்பிவிடலாம். இன்னொரு சிந்துவெளி ஊரான தோலாவிராவுக்குக் கட்ச் ராணின் வெள்ளை உப்பு வெளியைத் தாண்டி, கதிர் என்ற திட்டுக்குப் போக வேண்டும். இருந்தும் நாங்கள் தோலாவிராவுக்கு இரண்டு நாள், லோத்தலுக்கு அரை நாள் என்று பிரித்துக்கொண்டோம். இன்னொரு முறை போனாலும் அப்படித்தான் செய்வேன்.

லோத்தல் சின்ன ஊர் என்று ஒதுக்கவில்லை. 1954-இல் தொல்லியலாளர் எஸ்.ஆர். ராவ் கண்டறிந்த இடம். பாசிமணி செய்த பட்டறையும் பாரசீக வளைகுடா முத்திரையும் அங்கே கிடைத்தன. 200 மீட்டருக்கு மேல் நீளும் செங்கல் தொட்டி கப்பல்துறையா, நீர்த்தேக்கமா என்பதில் ஆய்வாளர்களுக்குள் நெடுநாள் வாதம் உண்டு. அரை நாள் பார்த்த நான் அதில் தீர்ப்புச் சொல்ல முடியாது.

என்னைத் தோலாவிரா பக்கம் சாய்த்தது தண்ணீர்தான். வற்றாத ஆறு பக்கத்தில் கிடையாது. வடக்கே மன்சர், தெற்கே மன்ஹர் என்று மழைக்கு மட்டும் ஓடும் இரண்டு ஓடைகள். அவற்றில் தடுப்பணை கட்டி, வந்த வெள்ளத்தைத் திருப்பி, நிலத்தின் சரிவை வைத்தே மதிலை ஒட்டிய குளங்களில் வரிசையாக நிரப்பியிருக்கிறார்கள். கோட்டைக்குள் விழும் மழையைக்கூட விடவில்லை. அதற்குக் கல் பாவிய வடிகால்கள் தனியாக ஓடுகின்றன. கிழக்குக் குளம் மட்டும் 70 மீட்டருக்கு மேல் நீளம், 10 மீட்டர் ஆழம். படிகளில் இறங்கி அடியில் நின்று அண்ணாந்து பார்த்தால் நம் ஊர்த் தெப்பக்குளம் வற்றிக் கிடப்பதுபோல இருக்கிறது. ஆயிரம் ஆண்டுகளுக்கு மேல் ஒரு நகரம் இந்தச் சேமிப்பில் வாழ்ந்திருக்கிறது. லோத்தலில் ஒரு தொட்டியைப் பார்க்கிறோம், இங்கே ஊரே தொட்டிகளுக்காகத் திட்டமிட்டதாகத் தெரிகிறது.

தோலாவிராவில் 1990-இல் தொல்லியலாளர் ஆர்.எஸ். பிஷ்ட் அகழாய்வு தொடங்கினார். வடக்கு வாசலில் சிந்துவெளி எழுத்துக் குறிகள் பத்துக் கொண்ட பெயர்ப்பலகை கிடைத்தது. பலகையின் மரம் மட்கிப்போய், குறிகளாகப் பதித்த ஜிப்சம் துண்டுகள் மட்டும் வரிசை கலையாமல் இருந்தன. 2021-இல் யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியப் பட்டியலிலும் தோலாவிரா சேர்ந்துவிட்டது.

நாங்கள் போனது ஜனவரியில். அப்போதே மதிய வெயில் சுட்டது, நிழல் அரிது. கோடையில் குழந்தைகளோடு போக நான் சொல்லமாட்டேன். அப்புறம், கோட்டைக்குள் இருக்கும் கிணற்றைத் தவறவிடாதீர்கள். அதன் விளிம்புக் கல்லில் கயிறு உராய்ந்த பள்ளம் இன்னும் இருக்கிறது.