எஸ்டிஎஸ்011 தூசிமானி: குப்பைப் புகைக்கு வாங்கலாம், கிரஷர் தூசிக்கு வேண்டாம்

மதுரை வெள்ளக்கல் குப்பைக் கிடங்கில் தீப்பிடித்து, காற்றும் இந்தப் பக்கம் திரும்பினால், அவனியாபுரத்து மொட்டைமாடியில் இந்தத் தூசிமானியின் எண் சில நிமிடங்களில் ஏறிவிடும். எஸ்டிஎஸ்011 உணரி பொருத்திய கருவிகளின் பலமே எரிபுகையில் வரும் நுண்துகளை, அதாவது பிஎம் 2.5ஐ (2.5 மைக்ரான் வரையுள்ள துகள்), அளப்பது. சிறு விசிறி காற்றை இழுக்கும், துகளில் பட்டுச் சிதறும் லேசர் ஒளியை வைத்துக் கணக்குப் போடும்.

மேலூர்ப் பக்கம் கிரஷர் (கல் உடைக்கும் ஆலை) தூசியை அளக்க வாங்குகிறவர்கள் ஏமாந்துதான் போவார்கள். கல் தூசியில் பெரும்பங்கு பருத்த துகள். அந்த விசிறி அதைச் சரியாக இழுக்காது. வேப்பிலை வெளுத்துப் போயிருக்கும், திரையில் பிஎம் 10 (10 மைக்ரான் வரையுள்ள துகள்) நூறைத் தொடாமலே நிற்கும். அந்த எண்ணையே கிரஷர்காரர் எடுத்துக் காட்டினால் நட்டம் புகார் கொடுத்தவருக்கு. தொழிற்பேட்டை ஓரம் மூக்கைத் துளைக்கும் நெடிக்கும் உதவாது. கந்தக டை ஆக்சைடும் பென்சீனும் வாயு, லேசருக்குத் தெரியாது.

ஈரப்பதம் 70 சதவீதம் வரைதான் இதற்குத் தாங்கும். மார்கழி விடியலில் பனித்துளியையும் துகளாக எண்ணிவிடும். ஈரப்பத உணரி ஒன்றையும் கூடவே வைத்து, 70க்கு மேல் போன நேரத்து அளவுகளைத் தனியே குறியுங்கள்.

நம் நாட்டு வரம்பு (2009) பிஎம் 2.5க்கு 24 மணி நேரச் சராசரி கன மீட்டருக்கு 60 மைக்ரோகிராம். உலக சுகாதார நிறுவனம் சொல்வது 15. பத்து நிமிடம் 150 காட்டினால் வரம்பு மீறிவிட்டது என்று பொருளில்லை. மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் சமீர் செயலியில் வருவது காற்றுத் தரக் குறியீட்டு எண். 60 மைக்ரோகிராம் அங்கே 100 ஆகத் தெரியும். இரண்டையும் நேராக ஒப்பிடக் கூடாது.

ஆயுள் சுமார் 8,000 மணி நேரம். நிறுத்தாமல் ஓடினால் பதினொரு மாதத்தில் முடிந்தது. ஐந்து நிமிடத்துக்கு 30 நொடி மட்டும் ஓடும்படி வைத்தால் வருடக்கணக்கில் வரும். இரண்டு மீட்டர் உயரத்தில், அடுப்படி ஜன்னலுக்கு எட்டத்தில், மழை படாமல் மாட்டுங்கள். காற்று புகும் குழாயில் எட்டுக்கால் பூச்சி வலை பின்னும். மாதம் ஒருமுறை பாருங்கள்.

இதன் அளவு வழக்கில் நிற்காது. 1981 காற்றுச் சட்டத்தின் 26ஆம் பிரிவுப்படி, மாசுக் கட்டுப்பாட்டு வாரிய அதிகாரி முறையாக எடுத்த மாதிரிதான் செல்லும். ஆனாலும் தேதி, மணி, காற்றின் திசை, புகைபோக்கியின் படம் நான்கையும் சேர்த்து எழுதி வாரியத்தின் மாவட்டச் சுற்றுச்சூழல் பொறியாளரிடம் கொடுங்கள். தொடர்ந்து பத்து நாள், இரவு 1 மணி முதல் 4 மணி வரை எண் ஏறுகிறது என்றால், பகல் 11 மணிக்கு வந்து பார்ப்பதில் பயனில்லை என்பது அந்தத் தாளிலேயே தெரிந்துவிடும்.