ஸ்டார்ம்ட்ரூப்பர் கவசம்: பல வருட அணிதலில் எது நின்றது, எது அறுந்தது

‘ஸ்டார் வார்ஸ்’ படத்துப் படைவீரரின் இந்தக் கவசத்தைக் கட்ட நினைப்பவர்கள் முதலில் விசாரிப்பது தலைக்கவசத்தைப் பற்றித்தான். ஆனால் பல வருடம் அணிந்து, திரும்பத் திரும்பப் பழுது பார்த்த கவசங்களைப் பிரித்து வைத்துப் பார்த்தால் வேறொன்று தெரியும். தகடு வீணாவது குறைவு. போவதெல்லாம் இணைப்புதான்: எலாஸ்டிக் தளரும், பிரஸ் பட்டன் பிடுங்கிக்கொள்ளும், ஒட்டிய ஓரம் திறக்கும். ஆகவே கழற்றி மாட்டிப் பழுது பார்க்கத் தோதாகக் கட்டிய கவசமே உழைக்கிறது. ஒரே மூச்சில் இறுக்கமாக ஒட்டி முடித்தது இரண்டாம் வருடமே தொல்லை தரத் தொடங்கும்.

இங்கே பேசுவது 1977-ல் வெளிவந்த முதல் ‘ஸ்டார் வார்ஸ்’ படத்தின் வெள்ளைக் கவசம். அதன் உடல் பாகங்களைக் களிமண்ணில் வடித்தவர் சிற்பி பிரையன் மியூர். சூடாக்கிய பிளாஸ்டிக் தகட்டை அச்சின்மேல் போர்த்தி, காற்றை உறிஞ்சி வடிவம் எடுத்தார்கள். இன்று கிடைக்கும் நல்ல கிட்களும் அதே வேக்கும் ஃபார்மிங் முறையில், ஏபிஎஸ் என்ற உறுதியான பிளாஸ்டிக்கின் வெள்ளைத் தகட்டில் வருகின்றன. 1.5 மி.மீ. தகடு இலேசானது, ஆனால் மடிப்புகளில் சீக்கிரம் விரிசல் விடும். 2 மி.மீ. தகடுதான் நீடித்த அணிதலுக்குச் சரி. எதையும் வெட்டும் முன் 501ஸ்ட் லீஜியன் அமைப்பின் உடை விவரத் தொகுப்பை முழுதாகப் படித்துவிடுவது நல்லது. 1997-ல் அமெரிக்காவில் தொடங்கிய அந்த ரசிகர் அமைப்பு, ஒவ்வொரு பாகமும் எப்படி இருக்க வேண்டும் என்று அதில் எழுதி வைத்திருக்கிறது. வெட்டிய பிளாஸ்டிக்கை மறுபடி வளர்க்க முடியாது.

கிட் பெட்டியில் 30-க்கும் மேற்பட்ட துண்டுகள் ஓரம் நறுக்காமல் வரும். நேர்க்கோடுகளுக்குக் கத்தியால் இரண்டு மூன்று முறை கீறி மடித்தாலே போதும், கீறிய இடத்திலேயே சுத்தமாக ஒடியும். வளைவுகளுக்கு ஆர்.சி. கார் (ரிமோட்டில் ஓடும் பொம்மைக் கார்) பாடி வெட்டும் வளைந்த கத்தரி வேண்டும். ரோட்டரி கருவியை வேகமாக ஓட்டினால் பிளாஸ்டிக் உருகிப் பின்னாலேயே ஒட்டிக்கொண்டு வரும், அதனால் வேகத்தைக் குறைத்தே ஓட்ட வேண்டும். நறுக்கிய வெள்ளைத் துணுக்குகளில் ஒன்றைக்கூடத் தூக்கி எறியாதீர்கள். ஒட்டுப்பட்டை, உள்தாங்கு, விரிசல் அடைக்கும் பேஸ்ட் எல்லாம் அவற்றிலிருந்துதான் வரும். அதே கிட்டின் வெள்ளை வேறு எந்தத் தகட்டோடும் அச்சாக ஒத்துப்போகாது.

கைக்கும் காலுக்கும் ஒவ்வொரு பாகமும் இரண்டு பாதிகளாக இருக்கும். அவற்றை ஒன்றன்மேல் ஒன்று ஏற்றி ஒட்டக் கூடாது. விளிம்போடு விளிம்பு முட்ட வைத்து, மேலே ஒட்டுப்பட்டை போட வேண்டும். வழக்கமான அகலம் கைகளுக்கு 15 மி.மீ., கால்களின் முன்பக்கம் 20 மி.மீ., பின்பக்கம் 25 மி.மீ. அப்படியானால் கைத் துண்டின் ஒவ்வொரு பாதியிலும் 7.5 மி.மீ. தட்டைப் பகுதியை விட வேண்டும், காலின் முன்பக்கம் 10 மி.மீ. முதலில் முன்பக்க இணைப்பை மட்டும் முடியுங்கள். பின்பக்கத்தை உள்ளே போடும் கறுப்பு உடையோடு அணிந்து பார்த்து, உடம்புக்கு ஏற்றபடி கொஞ்சம் கொஞ்சமாகக் குறைக்க வேண்டும். உள்பக்கமும் ஒரு பட்டை ஒட்டினால் அந்த இணைப்பு எத்தனை வருடமானாலும் அசையாது.

பசைக்கு இ-6000. காய்ந்த பிறகும் ரப்பர்போல இருப்பதுதான் அதன் பலம். உடம்பு அசையும்போது கூடவே வளைந்து கொடுக்கும். தப்பாக ஒட்டினாலும் பொறுமையாக உரித்து எடுத்துவிடலாம். சூப்பர் குளூ நொடியில் பிடிக்கும், ஆனால் கண்ணாடிபோல இறுகிவிடும். தட்டுப்பட்டால் இணைப்பு தெறிக்கும், இல்லையென்றால் தகட்டையே பிய்த்துக்கொண்டு வரும். ஒட்டும் இரண்டு பரப்பையும் 120 எண் உப்புத்தாளால் சுரண்டி, ஐசோபுரோப்பைல் ஆல்கஹாலால் துடையுங்கள். அசிட்டோன் பக்கமே போகக் கூடாது, ஏபிஎஸ் கரைந்துவிடும். உள்ளும் வெளியும் நியோடிமியம் காந்தங்களை எதிரெதிரே வைத்தால் பட்டை நகராது. பலமான காந்தம் பசையையெல்லாம் பிதுக்கித் தள்ளிவிடும் என்பதால் நடுத்தரமானதே போதும். குறைந்தது 24 மணி நேரம் விட வேண்டும். முழு பலம் வர 72 மணி நேரம் வரை ஆகலாம். ஜன்னலைத் திறந்து வைத்தே வேலை செய்யுங்கள், அந்த ஆவி நல்லதல்ல.

முன்கைத் துண்டு அணிந்து பார்க்கும்போது சரியாகவே தோன்றும், கை நுழையும் வழிதான் சிக்கல். முஷ்டி போகும் அளவுக்கு மணிக்கட்டு வாய் இருக்க வேண்டும். அங்கே இருக்கும் உள்மடிப்பை முழுதாக எடுத்துவிட்டால் வசதிக்கும் நல்லது, படத்துக்கும் அதுதான் பொருந்தும். தொடைத் துண்டின் பின்புறக் கீழ்விளிம்பும், கணைக்கால் துண்டின் பின்புற மேல்விளிம்பும் முழங்காலுக்குப் பின்னால் சந்தித்துச் சதையைக் கடிக்கும். நடந்து, படி ஏறி, குந்திப் பார்த்து 3 மி.மீ., 3 மி.மீ. ஆகக் குறையுங்கள். ஒரேயடியாக வெட்டிவிட்டுத் தவிப்பவர்கள்தான் அதிகம். கணைக்கால் துண்டின் வாய் விரிந்து நின்றால் கொதிநிலைக்குச் சற்றுக் கீழுள்ள வெந்நீரில் அந்தப் பகுதியை மட்டும் முக்கி, கையுறையோடு அழுத்திப் பிடித்துக் குளிர்ந்த நீரில் விடலாம். ஹீட் கன்னில் ஒரு வினாடி கூடிப்போனாலும் தகடு குமிழியிட்டுவிடும். முழங்கால் மூடி இடது காலுக்கு மட்டும்தான். வலது காலில் ஒட்டிவிட்டு உரிப்பது அடிக்கடி நடக்கிற தவறு.

உடல் பகுதிதான் உண்மையான வேலை. மார்புத் தகடு வயிற்றுத் தகட்டின்மேல் சுமார் ஒரு சென்டிமீட்டர் ஏறி நிற்க வேண்டும். இடைவெளி விட்டால் கை தூக்கும்போதெல்லாம் கறுப்பு உடை எட்டிப் பார்க்கும். வயிற்றுத் தகடும் இடுப்பின் பின்தகடும் பக்கவாட்டில் சேராதவர்கள் மீதித் தகட்டிலிருந்து பட்டை நறுக்கிப் பின்தகட்டின் ஓரத்தில் சேர்த்து அகலப்படுத்தலாம். அதை முன்தகட்டில் செய்தால் கண்ணில் படும்.

இணைப்புக்கு 25 மி.மீ. நைலான் பட்டையில் 7 செ.மீ. துண்டுகள் வெட்டி, பட்டன் பொருத்தி, தகட்டின் உள்பக்கம் ஒட்ட வேண்டும். எலாஸ்டிக்கில் மறு பாதிப் பட்டனை அடித்து இரண்டையும் மாட்டிக்கொள்ளலாம். நைலானில் துளையைக் கத்தரியால் போடாதீர்கள். சூடான சால்டரிங் அயர்னால் குத்தினால் ஓரம் உருகி இறுகும். வெட்டிய துளையில் நூல் பிரிந்து, ஆறு மாதத்தில் பட்டன் தனியே கையோடு வரும். ஒவ்வொரு இடத்திலும் ஒரு பட்டனுக்குப் பதில் இரண்டு வைத்தால் தகடு சுழலாது, ஒன்று விட்டாலும் மற்றது தாங்கும். பட்டன் கழற்றும்போது பட்டையைப் பிடித்து இழுக்காமல், விரலைப் பட்டனுக்கு அடியில் கொடுத்து நெம்ப வேண்டும். எலாஸ்டிக்கை வருடம் ஒருமுறை மாற்றிவிடுவதே நல்லது. வியர்வை பட்டுப் பட்டு அதன் இழுவை போய், கவசம் மெல்ல மெல்லத் தொங்கத் தொடங்கும். தினம் அணிபவருக்கு அது தெரியாது, பழைய புகைப்படத்தோடு ஒப்பிட்டால் தெரியும்.

விரிசல் வரும் இடங்கள் எல்லாக் கவசத்திலும் ஏறக்குறைய ஒன்றுதான்: வயிற்றுத் தகடு தொடையிடுக்கில் குறுகும் இடம், ரிவெட் அடித்த பக்கவாட்டு ஓரம், கூர்மையாக வெட்டிய உள்மூலை. மூலையைக் கூராக வெட்டாமல் உருட்டி அரம் போட்டாலே பாதி விரிசல் வராது. வந்துவிட்டால் விரிசல் முடியும் இடத்தில் சின்னத் துளை போட்டு அது ஓடுவதை நிறுத்துங்கள். உள்ளே தகட்டுத் துண்டொன்றை இ-6000-ஆல் ஒட்டி, வெளியே ஏபிஎஸ் பேஸ்ட் தடவலாம். மீதித் துணுக்குகளைக் கண்ணாடிக் குப்பியில் அசிட்டோன் ஊற்றி ஊறவைத்தால் தயிர்ப் பதத்தில் பேஸ்ட் வரும். இந்த ஓர் இடத்தில் அசிட்டோன் நமக்கு நண்பன். மெல்லிசாகத் தடவிக் காயவிட்டு மறுபடி தடவ வேண்டும். மொத்தமாக அப்பினால் அடித்தகடே இளகிக் குழிந்துவிடும். சில நாள் இறுகிய பின் 400-லிருந்து 2000 எண் வரை உப்புத்தாளை நீரில் நனைத்துத் தேய்த்து, பாலிஷ் போட்டால் ஒட்டிய தடம் தெரியாது.

தலைக்கவசத்தில் நேரம் தின்பது காது மூடிகள்தான். ஒரு மி.மீ. தேய்த்து, வைத்துப் பார்த்து, மறுபடி தேய்த்து உட்கார வைக்க வேண்டும். அணிபவருக்குப் பெரிய தொல்லை கண்ணாடியில் படியும் மூச்சு. இரண்டு சிறிய 5 வோல்ட் ஊதுவிசிறிகளைக் கண்ணாடியின் உள்பக்கம் நோக்கி வைத்தால் போதும். முகத்தை நோக்கி வைத்தால் குளிர்ச்சியாக இருக்கும், கண்ணாடி தெளியாது. கன்னத்துக் குழாய்க் கோடுகளுக்கு ஹம்ப்ரால் பெயின்டில் 14-ஆம் எண் நீலம், சாம்பல் பகுதிகளுக்கு ஹம்ப்ரால் 5. ஸ்டிக்கரைவிடக் கையால் தீட்டியதே அழகு, படத்திலும் கையால்தான் தீட்டியிருந்தார்கள். பிசகினால் மினரல் டர்பன்டைன் தொட்ட பஞ்சால் உடனே துடைத்துவிடலாம்.

அணிந்தால் காலடி தெரியாது, சரியாக உட்கார முடியாது. 45 நிமிடத்துக்கு ஒருமுறை தலைக்கவசத்தைக் கழற்றித் தண்ணீர் குடிக்க இடம் வேண்டும். கூட ஒருவர் இல்லாமல் கூட்டத்தில் இறங்கவே கூடாது. படியைச் சொல்லவும், ஓடிவந்து காலைக் கட்டிக்கொள்ளும் குழந்தைகளைக் கவனிக்கவும் அவர்தான் கண்.

வெயிலில் பூட்டிய காரில் கவசத்தை விட்டுவிட்டுப் போவது கொடுமை. தகடு வளையாவிட்டாலும் பசை இளகிப் பட்டைகள் நகர்ந்துவிடும். ஏபிஎஸ் புற ஊதாக் கதிரில் மஞ்சளிக்கும், அந்த மஞ்சளைப் பாலிஷால் முழுதாகத் திருப்ப முடியாது. மூடிய பெட்டியில், ஒவ்வொரு துண்டையும் மெல்லிய துணியில் தனித்தனியே சுற்றி வைக்க வேண்டும். வைக்கும் முன் உள்பக்க வியர்வையைத் துடைத்து ஓர் இரவு உலரவிடுங்கள்.

அந்தப் பெட்டியிலேயே ஒரு சின்னப் பையும் இருக்கட்டும்: பட்டன் பொருத்திய எலாஸ்டிக் நான்கு, வெல்க்ரோ, வெள்ளை டேப், காது மூடித் திருகாணிகள், மாற்று பேட்டரி, சிறிய ஸ்க்ரூ டிரைவர். சூப்பர் குளூவுக்கும் இதில் ஓர் இடம் உண்டு. இ-6000 காயும்வரை நிகழ்ச்சி காத்திருக்காது. ஆனால் அதை உள்பக்கம் மட்டும், ஒரு துளி மட்டும் வைத்து, வீடு திரும்பியதும் சுரண்டி எடுத்துவிட்டு முறையாக ஒட்டிவிடுங்கள்.