காது கேக்கலன்னா ஈஎன்டி டாக்டரா, ஆடியாலஜிஸ்டா?

ரெண்டு பேரும் காதுதானே பாக்குறாங்க, யார்கிட்ட போறதுன்னு குழம்பாதவங்க கம்மி.

வேலை: ஈஎன்டி நோயைப் பாப்பாரு, சீழ், ஜவ்வுல ஓட்டை, மருந்து, ஆபரேஷன். ஆடியாலஜிஸ்ட் கேக்குற திறனை அளப்பாங்க, 250லேர்ந்து 8000 ஹெர்ட்ஸ் வரைக்கும் சத்தம் போட்டு எத்தனை டெசிபல்ல கேக்குதுன்னு ஆடியோகிராம்ங்கற கிராஃப் குடுப்பாங்க.

அலைச்சல்: ஈஎன்டிகிட்ட பிரச்சனை தீர்ந்தா முடிஞ்சுது. ஆடியாலஜிஸ்ட்கிட்ட காது கேக்குற மெஷின் மாட்டினா ட்யூனிங்குக்கு திரும்பத் திரும்ப போகணும், தொல்லைதான் ஆனா விஷயமே அங்கதான் இருக்கு, காதுக்குள்ள சின்ன குழாய் வச்சு மெஷின் சத்தத்தை அளந்து செட் பண்ணலன்னா எவ்ளோ காஸ்ட்லி மெஷினும் கடைசில டிராயர்லதான் தூங்கும்.

திடீர்னு ஒரு காது கேக்காம போச்சா, அன்னைக்கே ஈஎன்டி, அதுக்குக் குடுக்குற ஸ்டீராய்டு மருந்தை லேட்டா ஆரம்பிச்சா பலன் குறையும். வயசாகி மெதுவா குறையுது, டிவி சத்தம் மட்டும் ஏறிட்டே போகுதுன்னா நேரா ஆடியாலஜிஸ்ட், வலியோ சீழோ இருந்தா அவங்களே ஈஎன்டிகிட்ட அனுப்பிடுவாங்க.