நன்கொடைக் கணக்கு: பிளாக்செயினில் எழுதுவதா, ஊர் நடுவே வாசிப்பதா?

சில ஆண்டுகளுக்கு முன் எங்கள் பக்கத்து அறக்கட்டளை ஒன்றின் கணக்கைச் சரிபார்த்துத் தரச் சொன்னார்கள். பள்ளிப் பிள்ளைகளுக்கு 300 புத்தகப் பைகள் வாங்கியதாக ஒரு பில் இருந்தது. முத்திரை, கையெழுத்து, ஜிஎஸ்டி எண் எல்லாம் கச்சிதம். வங்கிக் கணக்கோடும் ஒரு ரூபாய் பிசகாமல் பொருந்தியது. எதற்கும் இருக்கட்டும் என்று பள்ளிக்குப் போய் விசாரித்தால், அங்கே படிப்பவர்களே 220 பேர்தான்.

பிளாக்செயின் வந்துவிட்டால் தொண்டுப் பணத்தில் கை வைக்க முடியாது என்று யாராவது சொல்லும்போதெல்லாம் எனக்கு அந்த 80 பைகள்தான் நினைவுக்கு வருகின்றன. பிளாக்செயின் என்பது ஒரே பேரேட்டின் பிரதியைப் பல கணினிகளில் வைத்திருக்கும் ஏற்பாடு. ஒவ்வொரு பக்கமும் முந்தைய பக்கத்தின் முத்திரையைச் சுமந்துகொண்டு வரும். பழைய வரி ஒன்றைத் திருத்தினால் அதற்குப் பின்னால் உள்ள முத்திரைகள் எல்லாம் காட்டிக்கொடுத்துவிடும். எழுதியதை அழிப்பவனுக்கு இது பெரிய தடை. முதலிலேயே பொய்யாக எழுதுபவனுக்கோ எந்தத் தடையும் இல்லை. எங்கள் பில் அதில் ஏறியிருந்தால் 300 என்ற எண் இன்னும் அழுத்தமாக, அழிக்க முடியாதபடி நின்றிருக்கும்.

அதற்காக அதை ஒதுக்கிவிடவும் முடியாது. சில இடங்களில் அது நன்றாகவே வேலை செய்திருக்கிறது. எங்கே, எதற்குப் பதிலாக என்பதுதான் கேள்வி.

முதலில், யார் வேண்டுமானாலும் பார்க்கக்கூடிய திறந்த பிளாக்செயின். இதற்கு இந்தியாவிலேயே ஒரு பெரிய உதாரணம் உண்டு. 2021இல் கொரோனா இரண்டாம் அலையின்போது, பாலிகான் என்ற பிளாக்செயின் தளத்தின் நிறுவனர்களில் ஒருவரான சந்தீப் நெய்ல்வால், பிளாக்செயினில் இயங்கும் கிரிப்டோ நாணயத்தில் நிவாரண நிதி திரட்டத் தொடங்கினார். மே மாதம் எத்தீரியம் என்ற பிளாக்செயினை உருவாக்கிய விட்டாலிக் புட்டெரின், அன்றைய சந்தை விலையில் சுமார் 100 கோடி டாலர் மதிப்புள்ள ஷீபா இனு என்ற கிரிப்டோ நாணயங்களை அந்த நிதிக்கு அனுப்பினார். அனுப்பிய நிமிடமே உலகம் முழுவதும் அதைப் பார்த்தது. இந்த அளவு வெளிப்படைத்தன்மை எந்த வங்கியிலும் கிடையாது. செய்தி பரவியதும் அந்த நாணயத்தின் விலை சரிந்தது. விற்றபோது கைக்கு வந்த தொகை முதலில் பேசப்பட்டதைவிட மிகக் குறைவு. வெளிநாட்டு நன்கொடைக்கான இந்தியச் சட்டமும் குறுக்கே நின்றது. 2020 திருத்தத்துக்குப் பிறகு அப்படி வரும் பணம் டெல்லியில் உள்ள ஒரே ஒரு ஸ்டேட் வங்கிக் கிளை வழியாகத்தான் நுழைய வேண்டும்; பெற்ற நிறுவனம் அதை இன்னொரு நிறுவனத்துக்குக் கைமாற்றவும் கூடாது. கடைசியில் 10 கோடி டாலர், மருத்துவ ஆய்வுகளுக்கு விரைந்து செலவிடுவதற்காக, 2022இல் புட்டெரினிடமே திரும்பிப் போனது. நாணயம் ரூபாயாக மாறியதும் கண்ணாடிப் பேரேடு முடிந்துவிடுகிறது. அதன்பின் ஊசியோ ஆக்சிஜன் கருவியோ வாங்கினால், அது நமக்குப் பழக்கமான பில், பழக்கமான தணிக்கையாளர்.

இதற்கு நேரெதிர், ஐ.நா.வின் உலக உணவுத் திட்டம் நடத்தும், அனுமதி பெற்றவர்கள் மட்டுமே நுழையக்கூடிய மூடிய பிளாக்செயின். 2017 தொடக்கத்தில் பாகிஸ்தானின் சிந்து மாகாணத்தில் சோதித்துவிட்டு, அதே ஆண்டு ஜோர்டானின் அஸ்ரக் அகதி முகாமில் 10,000 பேருக்கு விரித்தார்கள். சிரிய அகதி கடையில் அரிசியும் எண்ணெயும் எடுத்துக்கொண்டு கருவிழியைக் கருவியில் காட்டுவார். அவர் கணக்கில் அந்தத் தொகை கழியும். முன்பு ஒவ்வொரு குடும்பத்துக்கும் வங்கியில் கணக்கு திறந்து, பணத்தை முன்கூட்டியே போட்டு, ஒவ்வொரு பரிமாற்றத்துக்கும் கட்டணம் அழ வேண்டியிருந்தது. புதிய ஏற்பாட்டில் கடைக்காரருக்குச் சேர வேண்டிய மொத்தத் தொகையை மட்டும் வங்கி வழியாக அனுப்பினால் போதும். கட்டணம் 98 சதவீதம் குறைந்ததாக அந்த அமைப்பு சொல்கிறது.

இங்கே ஒரு குதர்க்கமான கேள்வி எழுந்தது, அது நியாயமானதும்கூட. தொடக்கத்தில் அந்தப் பேரேட்டின் பிரதிகள் எல்லாம் உலக உணவுத் திட்டத்தின் கையிலேயே இருந்தன. எழுதுபவரும் சாட்சியும் ஒருவரே என்றால் சாதாரணத் தரவுத்தளம் போதாதா? போதும் என்றுதான் நானும் நினைக்கிறேன். ஆனால் 2022இல் உக்ரைன் போரின்போது நிலைமை வேறு. பல அமைப்புகள் ஒரே நேரத்தில் பணம் கொடுத்தன. ஒரே குடும்பம் இரண்டு இடங்களில் வாங்க, இன்னொரு குடும்பம் வெறுங்கையோடு நிற்கும். ஒருவர் பட்டியலை இன்னொருவரிடம் கொடுக்க எந்த அமைப்பும் விரும்பாது. பெயர் வெளிப்படாமல், இந்தக் குடும்பத்துக்கு இந்த மாதம் உதவி போய்விட்டது என்பதை மட்டும் காட்டும் கூட்டுப் பேரேடு, அதே பிளாக்செயினில், அங்கே உண்மையான தேவையைத் தீர்த்தது. ஒருவரையொருவர் முழுதாக நம்பாத பலர் ஒரே கணக்கை எழுத வேண்டிய இடத்தில்தான் பிளாக்செயினுக்கு உண்மையான வேலை இருக்கிறது.

ஒரே அமைப்பு என்றால் அது தேவையில்லை என்பதற்கு கிவ்டைரக்ட்லி சாட்சி. கென்யாவில் எம்-பேசா கைபேசிப் பணம் வழியாக ஏழைக் குடும்பங்களுக்கு நேரடியாகத் தொகை அனுப்பிப் பெயர் பெற்ற நிறுவனம். இடைத்தரகர் இல்லை, ஒவ்வொரு பரிமாற்றத்துக்கும் பதிவு உண்டு. அப்படியிருந்தும் 2022இல் காங்கோவில் சுமார் 9 லட்சம் டாலர் பறிபோனது. பயனாளிகளுக்கு சிம் அட்டை பதிவு செய்து தரும் இடத்தில் இருந்த ஊழியர்களே கூட்டுச் சேர்ந்து அட்டைகளை வைத்துக்கொண்டார்கள். கணினிக் கணக்கில் பணம் சரியான பெயருக்குத்தான் போயிருந்தது! மறைக்காமல் நிறுவனமே இதை வெளியிட்டதற்காக அதன்மீது எனக்கு மரியாதை கூடியது என்பது வேறு விஷயம்.

நன்கொடைக்கு வரிச்சலுகை பெற உதவும் நம் ஊர் 80ஜி ரசீதைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. 2021-22 நிதியாண்டு முதல் அறக்கட்டளைகள் நன்கொடையாளர் விவரத்தை வருமான வரித் துறைக்கு அளித்து 10பிஇ சான்றிதழ் தருகின்றன. போலி ரசீதுக்கு அது நல்ல கடிவாளம். நம் பணம் அலுவலகம் வரை போய்ச் சேர்ந்தது என்று சொல்லும். அதற்கு அப்பால் வாய் திறக்காது.

கடைசியாக, மின்சாரமே தேவைப்படாத வழி. ராஜஸ்தானில் அருணா ராய், நிகில் டே, சங்கர் சிங் ஆகியோர் 1990இல் தொடங்கிய மஸ்தூர் கிசான் சக்தி சங்கடன் என்ற தொழிலாளர், உழவர் அமைப்பு, 1994 டிசம்பரில் பாலி மாவட்டத்தின் கோட் கிரானா கிராமத்தில் மக்களைக் கூட்டிப் பஞ்சாயத்துச் செலவுக் கணக்கை உரக்க வாசித்தது. இப்படிப்பட்ட கூட்டங்கள் தொடர்ந்தன. வருகைப் பதிவேட்டில் கூலி வாங்கியதாக இருந்த பெயர்களை வாசிக்க வாசிக்க, அந்த ஆள் செத்துப் பல காலம் ஆயிற்றே என்று கூட்டத்திலிருந்து குரல் வந்தது. அந்தப் போராட்டத்தின் வேர்களிலிருந்துதான் 2005இன் தகவல் அறியும் உரிமைச் சட்டம் முளைத்தது. அதே ஆண்டின் நூறு நாள் வேலைச் சட்டத்தில் சமூகத் தணிக்கை 17ஆம் பிரிவாக இடம்பெற்றது. அவர்கள் நடத்தியது அரசுப் பணத்துக்கான போராட்டம். தொண்டுப் பணத்துக்கு அப்படியொரு கட்டாயம் இன்றுவரை இல்லை. இந்த வழிக்கும் குறை உண்டு: எழுந்து பேசியவர் மறுநாளும் அதே ஊரில்தான் வாழ வேண்டும். மருத்துவ உதவி பெற்றவரின் நோயை மைக்கில் வாசிக்கவும் முடியாது.

அழிக்க முடியாத பேரேடு நமக்குப் புதிதல்ல. சோழர் காலக் கோயில்களில் அணையாமல் எரிய வேண்டிய ஒரு நந்தா விளக்குக்கு 96 ஆடுகள் கொடுத்ததைக் கல்லில் வெட்டி, ‘சாவா மூவாப் பேராடு’ என்றார்கள். ஆடு செத்தாலும் எண்ணிக்கை குறையாமல் நெய் அளக்க வேண்டியது இடையரின் பொறுப்பு. கல்வெட்டின் முடிவில் ‘இது பன்மாகேசுவரர் ரட்சை’, அதாவது சிவனடியார்களின் பாதுகாப்பில் உள்ளது, என்று காவலையும் எழுதிவைத்தார்கள். கல்லை மட்டும் நம்பவில்லை.

என்னிடம் கேட்டால்: பெரும் பேரிடரில் பல அமைப்புகள் சேர்ந்து உழைக்கும்போது மூடிய கூட்டுப் பேரேட்டுக்கு என் வாக்கு. எல்லை தாண்டிப் பெருந்தொகை தருபவருக்குத் திறந்த பிளாக்செயின் பயன்படலாம், அதுவும் பாதித் தூரம்வரைதான். மாதம் ஆயிரம் ரூபாய் கொடுக்கும் என்னைப் போன்றவர்கள், பெற்றவர்களைப் போய்ப் பார்க்கக்கூடிய தொலைவில் கொடுப்பது மேல்.

அந்த அறக்கட்டளை இப்போது பைகள் கொடுக்கும் முன் பிள்ளைகளின் பெயர்ப் பட்டியலைப் பள்ளி வாசலில் ஒட்டுகிறது. முதல் ஆண்டே ஒரு தாய் வந்து, ஊரைவிட்டுப் போன இரண்டு பிள்ளைகளின் பெயரைப் பேனாவால் அடித்துவிட்டு, விடுபட்ட தன் மகளின் பெயரைக் கீழே எழுதிவிட்டுப் போனார்.