கே.எச். சோதனை: துளிக் கிட், சிரிஞ்சு, டிஜிட்டல் கருவி - பல ஆண்டுகள் பயன்படுத்திய பிறகு

வீட்டில் இரண்டு தொட்டிகள் ஓடுகின்றன. ஒன்று செடிகள் நிறைந்த நன்னீர்த் தொட்டி, மற்றொன்று பவளங்கள் வளரும் கடல்நீர்த் தொட்டி. இரண்டிலும் நான் விடாமல் அளந்துவருவது காரத்தன்மை, அதாவது கே.எச். இதற்காக வாங்கிய சாதனங்களில் சில மட்டுமே இன்னும் கைக்கு வருகின்றன. எது நிலைத்தது, ஏன் நிலைத்தது என்பதுதான் இந்தப் பதிவு.

பிஎச் தண்ணீரின் அந்த நேரத்து அமில-கார நிலவரத்தைச் சொல்லும். காரத்தன்மையோ அமிலத்தைத் தாங்குவதற்கு அந்தத் தண்ணீரிடம் உள்ள கையிருப்பு. நன்னீரில் அந்தக் கையிருப்பைத் தின்பவை பெரும்பாலும் வடிகட்டியில் வாழும் பாக்டீரியாக்கள். ஒரு மில்லிகிராம் அம்மோனியா நைட்ரஜனை நைட்ரேட்டாக மாற்ற, கால்சியம் கார்பனேட் கணக்கில் சுமார் 7 மில்லிகிராம் காரத்தன்மை செலவாகிறது. தீனியை அள்ளிப்போட்டுவிட்டுத் தண்ணீர் மாற்றத் தயங்குபவர்களின் தொட்டியில் மாதக்கணக்கில் அசையாமல் நின்ற பிஎச் திடீரென்று சரிவது இதனால்தான்.

கடல்நீரில் கதை வேறு. அங்கே பவளங்கள் தம் எலும்புக்கூட்டைக் கட்டக் காரத்தன்மையையும் கால்சியத்தையும் சேர்த்தே எடுத்துக்கொள்கின்றன. காரத்தன்மை 2.8 டிகேஎச் (கே.எச்சை அளக்கும் அலகு) குறையும்போது கால்சியம் சுமார் 20 பிபிஎம் (பத்து லட்சத்தில் இத்தனை பங்கு) குறையும். 420 பிபிஎம் கால்சியத்தில் 20 போனால் பல கிட்களின் கண்ணுக்கே தெரியாது. காரத்தன்மை 8-இலிருந்து 5.2-க்கு இறங்கினால் யாருக்கும் தெரியும். கால்சியம் சோதனையைத் தள்ளிப்போட்டாலும் இதை நான் தள்ளிப்போடாததற்குக் காரணம் அதுதான்.

முதலில் பட்டைகள். தண்ணீரில் நனைத்து நிறம் பார்க்கும் சோதனைப் பட்டைகளில் அடுத்தடுத்த இரண்டு கட்டங்களுக்கு நடுவே பெரும்பாலும் 40 பிபிஎம் இடைவெளி இருக்கும். ஒரு டிகேஎச் என்பது 17.9 பிபிஎம். ஆக, ஒரு கட்டம் தாண்டுவதற்குள் இரண்டு டிகேஎச்சுக்கு மேல் போய்விடுகிறது. குழாய்த் தண்ணீர் மென்மையா கடினமா என்று பார்க்க உதவும். அதற்கு மேல் நம்ப மாட்டேன். ஈரக் கையால் டப்பாவைத் திறந்துமூடினால் மீதிப் பட்டைகளும் கெட்டுவிடும்.

துளிக் கிட்டைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும், ஏனென்றால் எல்லாவற்றையும் விட மலிவான இதுவே எனக்கு அதிகம் உழைத்திருக்கிறது. ஐந்து மில்லிலிட்டர் தொட்டி நீரைச் சோதனைக் குழாயில் எடுத்து, சோதனைத் திரவத்தைச் சொட்டுச் சொட்டாக விட வேண்டும். முதல் சொட்டில் தண்ணீர் நீலமாகும். நீலம் மஞ்சளாக மாறும் சொட்டு எத்தனையாவதோ, அத்தனை டிகேஎச். முதல் சொட்டிலேயே மஞ்சள் வந்தால் காரத்தன்மை கிட்டத்தட்ட இல்லை என்று பொருள்.

என் நன்னீர்த் தொட்டியில் அளவு 3, 4 என்றுதான் இருக்கும். அந்த நிலையில் ஒரு சொட்டுப் பிசகினால் கால் பங்கு பிசகு. எனவே பத்து மில்லிலிட்டர் எடுத்துக்கொண்டு, ஒரு சொட்டை அரை டிகேஎச் என்று கணக்கிடுகிறேன். செலவாகும் திரவம் இரட்டிப்பாகும், போகட்டும். புட்டியை நேர்ச் செங்குத்தாகக் கவிழ்த்துப் பிடிக்க வேண்டும். சாய்த்தால் சொட்டின் பருமன் மாறும். ஒவ்வொரு சொட்டுக்கும் குழாயை மூடிக் குலுக்கி, பின்னால் வெள்ளைத் தாள் வைத்துப் பார்க்கிறேன். மஞ்சளுக்கு முன் ஒரு பச்சைக் கட்டம் வரும். அங்கே நிறுத்த ஆசையாக இருக்கும், நிறுத்தக் கூடாது.

இந்தக் கிட் காட்டிக்கொடுத்தவை பல. செடிகளுக்கான புது மண், தண்ணீர் மாற்றிய சில நாட்களிலேயே கே.எச்சை உறிஞ்சிப் பாதிக்குக் கீழே இறக்கியது. அந்த வேகம் தணியப் பல மாதங்கள் பிடித்தன. அழகுக்காக வைத்த சுண்ணாம்புக் கல் நேர்மாறாக அதை ஏற்றிக்கொண்டே போனது. ஆவியாகும் நீருக்கு ஈடாகக் குழாய்த் தண்ணீரையே ஊற்றிவந்தாலும் ஏறும், ஏனென்றால் ஆவியில் போவது தண்ணீர் மட்டும்.

செடித் தொட்டிக்காரர்கள் கே.எச்சையும் பிஎச்சையும் வைத்துக் கார்பன் டை ஆக்சைடு கணக்கிடும் அட்டவணையை எனக்குப் பிடிக்காது. தண்ணீரில் பாஸ்பேட் கலந்த பிஎச் நிலைநிறுத்தியோ, மரத்துண்டிலிருந்து இறங்கிய அமிலமோ இருந்தால் அது பொய் சொல்லும். 4 டிகேஎச் கரைசல் நிரப்பிய நிறங்காட்டிக் குமிழைத் தொட்டிக்குள் தொங்கவிட்டால் போதும். பச்சை என்றால் கார்பன் டை ஆக்சைடு ஏறக்குறைய 30 பிபிஎம்.

கடல்நீருக்கு வந்தால் எதிர்பார்ப்பு உயர்கிறது. இயற்கைக் கடலில் சுமார் 7 டிகேஎச். என் தொட்டியை 8-ஐ ஒட்டி வைத்திருக்கிறேன். சிரிஞ்சில் திரவத்தை அளந்து விடும் கிட் நுண்மையில் பரவாயில்லை, ஆனால் முடிவு நிறம் நீலப்பச்சையிலிருந்து இளஞ்சிவப்புக்குப் போகும் இடத்தில் தகராறு. நான் "மாறிவிட்டது" என்பேன், பக்கத்தில் நிற்பவர் "இன்னும் இல்லை" என்பார். மஞ்சள் விளக்கின் கீழ் அந்த வாக்குவாதம் முடியவே முடியாது.

அதனால்தான் டிஜிட்டல் கருவிக்கு மாறினேன். கடல்நீருக்கான ஹன்னா எச்.ஐ.772-இல் பத்து மில்லிலிட்டர் நீரை வைத்துச் சுழியம் அமைத்து, ஒரு மில்லிலிட்டர் திரவம் சேர்த்துக் கலக்கி மீண்டும் வைத்தால் எண் வந்துவிடும். கண்ணுக்கு வேலையில்லை, கைக்கு உண்டு. குப்பியின் வெளிப்புறத்தில் விரல் ரேகையோ உப்புக் கறையோ, உட்புறத்தில் ஒரு சிறு காற்றுக் குமிழோ இருந்தால் எண் நகரும். சிரிஞ்சின் நுனியில் குமிழ் சிக்கினால் ஒரு மில்லிலிட்டர் ஒரு மில்லிலிட்டராக இருக்காது.

தயாரிப்பாளர் தரும் துல்லியம்: கூட்டவோ கழிக்கவோ 0.3 டிகேஎச், அதன்மேல் அளவில் 5 சதவீதம். 8 என்று காட்டினால் 7.3 முதல் 8.7 வரை எதுவாகவும் இருக்கலாம். நேற்று 8.2, இன்று 7.9 என்று பதறி, காரத்தன்மையை ஈடுகட்ட ஊற்றும் மருந்தின் அளவை மாற்றுவதில் அர்த்தமில்லை. மூன்று நான்கு அளவீடுகள் தொடர்ந்து ஒரே திசையில் போனால்தான் நான் கைவைக்கிறேன். அதுவும் விளக்கு எரியத் தொடங்கும் முன், மருந்து ஊற்றும் முன், ஒரே நேரத்தில் எடுத்தவையாக இருக்க வேண்டும். பகலில் பவளங்கள் வேகமாக உறிஞ்சுவதால் காலை எண்ணும் மாலை எண்ணும் ஒன்றாக இருப்பதில்லை.

ஒருமுறை புதிதாக வந்த திரவப் புட்டி, பழைய புட்டியைவிட ஒரு டிகேஎச்சுக்கு மேல் கூடுதலாகக் காட்டியது. தொட்டி அதே, தண்ணீர் அதே. யார் சொல்வது சரி என்று தீர்த்துவைத்தது துளிக் கிட்தான். அதற்கு முன் துளிக் கிட்டையே சோதித்தேன். மூன்று கிராம் சமையல் சோடாவை ஒரு லிட்டர் காய்ச்சி வடித்த நீரில் கரைத்தால் 100 டிகேஎச். அதில் நூறு மில்லிலிட்டரை எடுத்து, அதே நீர் சேர்த்து ஒரு லிட்டராக்கினால் 10 டிகேஎச். கிட் 10 காட்டியது, தொட்டி நீரில் பழைய புட்டியின் பக்கம் சாய்ந்தது. புதுப் புட்டி குப்பைக்குப் போனது. அன்றிலிருந்து பழைய புட்டி தீரும் முன்பே புதியதைத் திறந்து, ஒரே நீரில் இரண்டையும் ஒப்பிட்டுவிடுகிறேன். கடல்நீர்க் கருவியை மட்டும் சோடாக் கரைசலில் நேரடியாகச் சோதிக்க வேண்டாம். அதன் திரவம் உப்புநீருக்கென்றே அமைந்தது, நன்னீர்த் தொட்டிக்கும் அது ஆகாது.

அளவு குறைந்திருந்தால் ஏற்றுவதற்கும் அதே சோடா போதும். 100 லிட்டருக்கு ஒரு டிகேஎச் ஏற்ற மூன்று கிராம். ஒரு நாளில் ஒரு டிகேஎச்சுக்கு மேல் போக மாட்டேன். தனி நீரில் கரைத்து, ஓட்டம் வலுவாக இருக்கும் இடத்தில் மெதுவாக ஊற்றுகிறேன்.

தானாகவே அளக்கும் இயந்திரங்களை நான் வாங்கவில்லை. கல் பவளங்கள் நெருக்கமாக வளர்ந்து நாளுக்கு ஒன்றரை டிகேஎச் தின்னும் தொட்டி என்றால் வாங்கியிருப்பேன். என்னுடையதில் பெரும்பாலும் மென்பவளங்கள். கடல்நீருக்கு வாரம் இருமுறை டிஜிட்டல் கருவி, நன்னீருக்குத் தண்ணீர் மாற்றும் நாளன்று துளிக் கிட் என்று ஓடுகிறது. திரவப் புட்டிகள் தொட்டி விளக்கின் சூடு படாத இழுப்பறையில், திறந்த தேதி எழுதிய துண்டு ஒட்டி இருக்கின்றன.