லேசர் என்று பணம் வாங்கிவிட்டு வேறு மிஷினால் என் தாடையைச் சுட்ட கதை: முகத்து முடிக்கு சிகிச்சை எடுக்கப் போகிறவர்கள் படித்துவிட்டுப் போங்கள்

முகத்து முடிக்கு லேசர் செய்துகொள்ளலாம் என்று யோசிக்கிறவர்கள், அதிலும் நம்மைப் போல மாநிறமாகவோ கறுப்பாகவோ இருக்கிற பெண்கள், எந்த இடத்திலும் அட்வான்ஸ் கட்டுவதற்கு முன்னால் இதைப் படித்துவிடுங்கள். சென்னையில் பெரிய விளம்பரத்தோடு நடக்கிற ஒரு அழகு சிகிச்சை மையத்தில் எனக்கு நடந்தது இது. புகார் போய்க்கொண்டிருப்பதால் பெயர் போடவில்லை. போட்டாலும் பெரிய பயனில்லை, இதே வேலையை இதே மாதிரி செய்கிற இடங்கள் ஊருக்கு ஊர் இருக்கின்றன.

எனக்குத் தாடையிலும் கழுத்துக்கு மேலேயும் கெட்டி முடி. காலேஜ் நாளிலிருந்தே த்ரெடிங். எடுத்த இடத்தில் முடி உள்ளுக்குள்ளேயே சுருண்டு பருவாகும், பரு கரும்புள்ளியாக நிற்கும், அதை மறைக்க இன்னொரு க்ரீம். இதை அனுபவிக்கிறவர்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. அந்த மையத்தில் என்னைப் பார்த்தது டாக்டர் அல்ல, கவுன்சிலர் என்று ஒரு பெண். கையில் ஒரு டேப்லெட், அதில் முன்-பின் படங்கள், ஒரு படத்தில்கூட நம் நிறத்தில் ஆள் இல்லை. மாதவிடாய் ஒழுங்காக வருகிறதா, ஏதாவது மாத்திரை சாப்பிடுகிறீர்களா, இதற்கு முன்னால் எங்காவது செய்தீர்களா, எதுவும் கேட்கவில்லை. "ஆறு சிட்டிங்ல க்ளீன் ஆயிடும் மேடம், லைஃப்லாங் வராது, இன்னைக்கு மட்டும்தான் இந்த ஆஃபர்" என்றார். பேக்கேஜ் 48,000 ரூபாய். யோசித்துச் சொல்கிறேன் என்றால் மேனேஜர் வருகிறார், விலை குறைகிறது, ஈஎம்ஐ போட்டுத் தருகிறேன் என்று போனுக்கு வந்த ஓடிபியைக் கேட்கிறார். அந்த ஓடிபியைச் சொன்ன நிமிடம் முழுப் பணமும் ஒரு ஃபைனான்ஸ் கம்பெனியிலிருந்து அவர்கள் கணக்குக்குப் போய்விடுகிறது. அதற்குப் பிறகு நமக்குச் சிகிச்சை நடந்தாலும் நடக்காவிட்டாலும் மாதா மாதம் கட்ட வேண்டியது நாம்தான்.

முதல் சிட்டிங்கில் லேசாகச் சுரீர் என்றது, அவ்வளவுதான். அடுத்தடுத்த சிட்டிங்கில் ரிசல்ட் வரவில்லை என்று நான் கேட்டதும் பவரை ஏற்றியிருக்கிறார்கள். ஜெல் தடவி, செவ்வக வடிவத்தில் கண்ணாடி வைத்த ஒரு டிப்பைத் தாடை எலும்போடு ஒட்டி அழுத்துவார்கள், கண்ணாடி போட்டு கண்ணை மூடியிருந்தாலும் பளீரென்று வெளிச்சம் தெரியும், முடி கருகும் வாசனை வரும். அன்றைக்கு வலி தாங்க முடியாமல் கையைப் பிடித்து நிறுத்தச் சொன்னேன். "அப்படித்தான் இருக்கும் மேடம், வேர் சாகுதுல்ல" என்று மீதியையும் முடித்தார் அந்தப் பெண். மறுநாள் காலையில் தாடையோரம் பழுப்புக் கட்டங்கள், வரிசையாக, ஒவ்வொன்றுக்கும் நடுவில் மெல்லிய கோடு மட்டும் என் சொந்த நிறத்தில். அந்த டிப்பை எங்கெங்கே வைத்தார்கள் என்று கணக்கு எடுத்துவிடலாம், அவ்வளவு தெளிவான தடம். ரெண்டு கட்டத்தில் கொப்புளம். போன் செய்தால் கற்றாழை ஜெல் போடுங்கள் என்றார்கள்.

தோல் டாக்டரிடம் ஓடினேன். அவர் பார்த்தவுடன் கேட்ட முதல் கேள்வி, என்ன மிஷின்? எனக்குத் தெரியவில்லை. கையெழுத்துப் போட்ட கன்சென்ட் ஃபார்மில் அந்த இடம் காலியாக இருந்தது. மையத்துக்குப் போன் போட்டு விடாமல் கேட்டதில்தான் வாயைத் திறந்தார்கள்: ஐபிஎல், அதாவது இன்டென்ஸ் பல்ஸ்டு லைட். அது லேசரே கிடையாது.

இதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன், ஏனென்றால் இது புரிந்தால் யாரும் உங்களை இப்படி ஏமாற்ற முடியாது. லேசர் முடியை எடுப்பது மெலனினை வைத்து. முடியில் இருக்கிற கறுப்பு நிறமி ஒளியை உறிஞ்சும், ஒளி சூடாக மாறும், அந்தச் சூடு முடி முளைக்கிற வேர்ப்பையைச் சிதைக்கும். குறிப்பிட்ட அலைநீளத்தில் ஒளியைச் சின்னத் துடிப்புகளாகக் கொடுத்தால் சுற்றியுள்ள தோலை விட்டுவிட்டு வேண்டிய இடத்தை மட்டும் சுடலாம் என்கிற கொள்கையை ஆண்டர்சன், பாரிஷ் என்ற இருவர் 1983-ல் எழுதினார்கள், இன்றைக்கு வரை எல்லா மிஷினும் அதன் மேல்தான் ஓடுகிறது. ஆனால் அதே மெலனின் நம் தோலிலும் நிறைய இருக்கிறதே! வெள்ளைத் தோலில் ஒளி நேராக முடிக்குப் போகும், நம் தோலில் மேலேயே பாதி மாட்டிக்கொண்டு தோலைச் சுடும். அதனால்தான் நம் நிறத்துக்கு 1064 நானோமீட்டர் என்டி-யாக் லேசரைப் பாதுகாப்பானது என்கிறார்கள், அந்த அலைநீளத்தை மெலனின் குறைவாக உறிஞ்சும், ஒளியும் ஆழமாக இறங்கும். 800-ஐ ஒட்டிய டயோடு லேசரையும் நல்ல குளிர்விப்போடு, நீண்ட துடிப்பில், தெரிந்தவர் கையாண்டால் செய்யலாம். 755 அலெக்சாண்டிரைட் வெளிர் தோலுக்கு அருமையானது, கறுத்த தோலுக்கு ஆபத்து. ஐபிஎல் என்பது ஒரே அலைநீளம் இல்லாமல் பல அலைநீளங்கள் கலந்த பளிச்சொளி. அதில் மெலனின் அதிகமாக உறிஞ்சுகிற பகுதியும் சேர்ந்து வருவதால் கறுத்த தோலில் பவரை ஏற்றினால் சுடத்தான் செய்யும். வீட்டிலேயே செய்துகொள்ள விற்கிற மிஷின்களிலும் பெரும்பாலானவை ஐபிஎல்தான். அட்டைப்பெட்டியில் தோல் நிற அட்டவணை இருக்கும், அதைப் பார்க்காமல் வாங்காதீர்கள்.

அப்புறம் இந்த "லைஃப்லாங் வராது" பேச்சு. அமெரிக்காவில் மருந்துக்கும் மருத்துவ மிஷின்களுக்கும் அனுமதி தருகிற அரசு அமைப்பான எஃப்டிஏ இந்த லேசர்களுக்கு அனுமதித்திருப்பது முடி நீண்டகாலத்துக்குக் குறையும் என்று சொல்ல மட்டுமே, எல்லா முடியும் போய்விடும் என்று சொல்ல அல்ல. வளர்ந்துகொண்டிருக்கிற கட்டத்தில் உள்ள முடியைத்தான் லேசர் சரியாகப் பிடிக்கும், மீதி வேர்கள் தூங்கிக்கொண்டிருக்கும், அதனால்தான் முகத்துக்கு நான்கு முதல் ஆறு வாரம், உடம்புக்கு அதைவிடக் கொஞ்சம் கூடுதலாக இடைவெளி விட்டுப் பல தடவை செய்கிறார்கள். வாராவாரம் வரச் சொன்னால் சந்தேகப்படுங்கள். நரைத்த முடியில் நிறமியே இல்லை, அதில் வேலை செய்யாது. ப்ளீச் போட்ட முடியிலும் அதே கதைதான். வேரோடு பிடுங்கிவிட்டால் ஒளி பிடிக்க எதுவும் மிஞ்சாது, எனவே சில வாரங்களுக்கு முன்னாலேயே த்ரெடிங், வேக்சிங் எல்லாம் நிறுத்த வேண்டும், ரேசர் மட்டும் போடலாம். எனக்கு இதைக்கூடச் சொல்லவில்லை. த்ரெடிங் செய்துவிட்டு வந்த தாடையிலேயே சிரித்த முகத்தோடு ஜெல் தடவினார்கள்.

சரியாக நடந்தால் எப்படி இருக்கும்? ரப்பர் பேண்டை இழுத்து விட்ட மாதிரி ஒரு சுள்ளல், முடி இருந்த இடத்தைச் சுற்றிச் சின்னச் சின்ன வீக்கம், சிவப்பு. நம் தோலில் சிவப்பு சரியாகத் தெரியாது, தடவிப் பார்த்தால் தெரியும். சில மணி நேரத்திலிருந்து ஒன்றிரண்டு நாளுக்குள் அடங்கிவிடும். ஒன்று முதல் மூன்று வாரத்தில் கருகிய முடி தானாக உதிரும், அதைப் புது முடி என்று நினைத்துப் பயப்படாதீர்கள். கொப்புளம், பொருக்கு, டிப் வடிவத்தில் கறுப்பு, இது எதுவுமே "அப்படித்தான் இருக்கும்" வகை கிடையாது. ஸ்கூட்டியில் வெயிலில் வேலைக்குப் போகிறவர்களுக்கு முகம் கறுத்திருக்கும்போது செய்யவே கூடாது, முன்னாலும் பின்னாலும் சன்ஸ்க்ரீன் கட்டாயம்.

என் டாக்டர் செய்த இன்னொரு வேலை, ரத்தப் பரிசோதனையும் ஸ்கேனும் எழுதிக் கொடுத்தது. நீர்க்கட்டி, பிசிஓஎஸ், அதாவது உடம்பில் ஆண் ஹார்மோன் கூடுகிற பிரச்சினை. அந்த ஹார்மோன் ஓடிக்கொண்டிருக்கும்வரை தூங்குகிற வேர்கள் புதிதாகக் கெட்டி முடியாக எழுந்துகொண்டே இருக்கும், எந்த மிஷின் வைத்தாலும். அதைவிட எனக்கு அதிர்ச்சியாக இருந்தது, என் கன்னத்தோரம் முன்பு பூனைமுடியாக இருந்த இடம் இப்போது கறுத்திருப்பது. முகத்திலும் கழுத்திலும், அதிலும் நம் போன்ற நிறமும் ஹார்மோன் பிரச்சினையும் உள்ள பெண்களுக்கு, வேரைக் கொல்லப் போதாத சூடு பட்டால் முடி குறையாமல் கூடுவது உண்டு என்றும், மருத்துவத்தில் இது தெரிந்த விஷயம்தான் என்றும் டாக்டர் சொன்னார். பணம் கட்டுவதற்கு முன் ஒரு வார்த்தை சொல்லியிருக்க வேண்டாமா?

பணத்தைத் திருப்பிக் கேட்டதற்கு "நோ ரீஃபண்ட், ஃபார்மில் கையெழுத்துப் போட்டிருக்கீங்க" என்றார்கள். வேண்டுமானால் ஃபேஷியல் ஃப்ரீயாம்! அந்த வரியைப் பார்த்துப் பயந்து யாரும் திரும்பி வந்துவிடாதீர்கள். நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம், 2019-ன்படி குறைபாடுள்ள சேவைக்குப் பணத்தைத் திருப்பித் தர மறுப்பதும், பில் தராமல் இருப்பதும் நியாயமற்ற வணிக நடைமுறைதான். முதலில் தேசிய நுகர்வோர் உதவி எண்ணான 1915-க்குப் போன் செய்து புகாரைப் பதிவு செய்யுங்கள். அதில் முடியாவிட்டால் மாவட்ட நுகர்வோர் ஆணையம், இரண்டு வருடத்துக்குள் போட வேண்டும், கட்டிய தொகை 5 லட்சம் வரை என்றால் கட்டணம் இல்லை, வக்கீல் வைக்காமலும் போடலாம். நான் போட்டிருக்கிறேன். ஃபைனான்ஸ் கம்பெனிக்கும் தனியாக மெயில் எழுதியிருக்கிறேன், ஈஎம்ஐயை நானாக நிறுத்தவில்லை, நிறுத்தினால் சிபில் ஸ்கோர் அடிபடும்.

போகிறவர்கள் இதைக் கேட்டுவிட்டு உட்காருங்கள்: மிஷின் பெயர் என்ன, லேசரா ஐபிஎல்லா, எத்தனை நானோமீட்டர், பவர் செட் பண்ணுவது யார். டாக்டர் பெயரைச் சொன்னால் தமிழ்நாடு மருத்துவ கவுன்சில் தளத்தில் தேடிப் பாருங்கள். காதுக்குக் கீழே சின்ன இடத்தில் டெஸ்ட் பேட்ச் போடச் சொல்லி, சில நாள் பார்த்துவிட்டுத்தான் மீதி. பேக்கேஜ் வேண்டாம், ஒவ்வொரு சிட்டிங்குக்கும் தனியாகக் கட்டி, அன்றைக்கு வைத்த பவர் அளவோடு பில் வாங்குங்கள். ஏற்கனவே சுட்டுவிட்டார்கள் என்றால் ஐஸை நேராக வைக்காமல் குளிர்ந்த தண்ணீரைக் காட்டுங்கள், கொப்புளத்தை உடைக்காதீர்கள், பகல் வெளிச்சத்தில் தேதி தெரிகிற மாதிரி போட்டோ எடுங்கள், அன்றைக்கே தோல் டாக்டரைப் பார்த்து அவர் எழுதுகிற சீட்டில் தீக்காயம் என்று வருகிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள், ஏனென்றால் ஆணையத்தில் முதலில் கேட்கப் போவது அந்தச் சீட்டைத்தான்.