குழந்தை வளர்ச்சி மதிப்பீட்டு மையம்: ஒரு பயனரின் கருத்து

சென்னையில் உள்ள தனியார் மையம் ஒன்றில் என் அக்கா மகனுக்கு ஆட்டிசம் மதிப்பீடு செய்தோம். ரயில் நேர அட்டவணையை அட்சரம் பிசகாமல் ஒப்பிக்கும் பிள்ளைக்கு ஆட்டிசமா, இருந்தால் ஆஸ்பெர்கராகத்தான் (ஆட்டிசத்தை ஒத்த, முன்பு தனியாக வகைப்படுத்தப்பட்ட நிலை) இருக்கும் என்று உறவினர்கள் சொல்லிவந்தார்கள். உளவியலாளர் இதை அவசரமின்றி விளக்கினார்: பேச்சுத் தாமதமும் அறிவுத்திறன் குறைவும் இல்லாததே பழைய வகைப்பாட்டில் ஆட்டிசத்திலிருந்து ஆஸ்பெர்கரைப் பிரித்துக் காட்டியது, பிறரோடு பழகுவதில் தடுமாற்றம், ஒரே விஷயத்தில் தீவிர ஈடுபாடு ஆகியவை இரண்டுக்கும் பொதுவாக இருந்ததாலும், எல்லைக்கோட்டை மருத்துவர்கள் ஆளுக்கொரு விதமாக வரைந்ததாலும், 2013-இல் வெளியான டிஎஸ்எம்-5 என்ற அமெரிக்க மனநல வகைப்பாட்டுக் கையேடு இரண்டையும் ஒரே தலைப்பின்கீழ் கொண்டுவந்து, தேவைப்படும் உதவியை மூன்று நிலைகளாகக் குறிக்கிறது.

பொம்மைகளைக் கொடுத்துச் சமையல் விளையாட்டுக்கு அழைத்தபோது, அவன் அவற்றை நிறவாரியாக வரிசையில் அடுக்கினான்; அவர் தடுக்காமல் பொறுமையாகக் குறித்துக்கொண்டார். ஆனால் காத்திருப்பு அறையில் தொலைக்காட்சி அலறியது. இரைச்சலைத் தாங்காத பிள்ளைகள் வரும் இடத்தில் இதை எப்படி அனுமதிக்கிறார்களோ! கட்டணம் அதிகம்தான். அறிக்கையில் பள்ளிக்கான பரிந்துரைகள் மிகச் சுருக்கமாக இருந்ததால், கேட்டு விரிவாக எழுதி வாங்கினோம். மாற்றுத்திறனாளி சான்றிதழ் வேண்டுவோர் இந்த அறிக்கையோடு நின்றுவிடாமல் அரசு மருத்துவமனையில் தனியாக மதிப்பீடு செய்துகொள்ள வேண்டும்.